அற்புதத்துக்குப் பாட்டு வராது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் என்மேல் உங்களுக்கு மரியாதை போய்விடும். இப்போது சொன்னால் மட்டும் தங்குமா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஒரு கார்ட்டூன் படத்துக்கு எழுதப்பட்ட விமர்சனத்திலிருந்து கிடைத்தது. குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கிற படம். பாட்டு உண்டு, சாவு உண்டு, செத்த பிறகு மேலே நடக்கும் கச்சேரியும் உண்டு. விமர்சனத்தை எழுதியவள் ஏற்காட்டுப் பெண், பெயர் ஸ்டெஃபி. பாதியில் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தவராம். படித்துவிட்டு நான் அழுதேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அவளுக்கும் உருக்கமாக ஒரு இரங்கல் செய்தி தட்டிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவளே போன் செய்தாள். "சார், நீங்க நல்ல மனசுல எழுதியிருக்கறீங்க. ஆனா எங்கப்பா உசுரோடதானுங்க இருக்கறாரு."

ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏமாற்றம் வந்தது. என் கண்ணீரை யாரோ திருடிவிட்ட மாதிரி கோபமும் கூடவே வந்தது. அந்தக் கோபம் அடங்கிய பிறகு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன். எழுத எழுத அது கூடிக்கொண்டே போனது வேறு விஷயம்.

2

தொடக்கங்கள். தேறாதவற்றையும் காட்டிவிடுகிறேன்.

"சேர்வராயன் மலைமேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது" — வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் முதலில் பனியை இறக்கிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் அந்தப் பனியில் துணி காயவில்லையே என்று திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"மரியஜோசப் தன் பெயரை இறந்தவர்கள் வரிசையில் கேட்டபோது கீபோர்டில் தாளம் தப்பாமல் வாசித்துக்கொண்டிருந்தார்." இது நல்ல வரி. நல்ல வரி என்பதுதான் எனக்குப் பயம். ஸ்டெஃபி வழுக்கி விழுந்ததும் இப்படி ஒரு நல்ல வரியில்தான்.

"ஸ்டெஃபி பொய் பேசுகிற பெண் இல்லை." இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

ஸ்டெஃபி பொய் பேசுகிற பெண் இல்லை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள். சுடுதண்ணி வராத அறைக்குச் சுடுதண்ணி வராது என்று முன்கூட்டியே சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். வீடு வாழவந்தியில். வார லீவு அன்று காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இறங்கி சேலம் போவாள். ஒரே நாளில் இரண்டு படம் பார்ப்பாள். கடைசி பஸ்ஸில் ஏறி வந்து, சென்னையிலிருந்து நடக்கும் ஒரு இணையப் பக்கத்துக்கு விமர்சனம் எழுதுவாள். மலையில் அவளை விட்டால் படத்தைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

வீட்டில் அவளும் அப்பா மரியஜோசப்பும் மட்டும். அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ரைட்டர் என்றால் யார் வேலைக்கு வந்தார்கள், யார் எவ்வளவு காப்பிப் பழம் பறித்தார்கள் என்று குறித்து வைக்கிறவர். (நடக்காததை ஒரு நாளும் குறித்தவர் இல்லை. அந்த வகையில் இந்தக் கதையில் வரும் மூன்று எழுத்தாளர்களில் யோக்கியமானவர் அவர் ஒருவர்தான்.) ஓய்வு பெற்ற பிறகும் கோயிலில் கீபோர்டு வாசிப்பதை விடவில்லை. பாட்டுக் குழுவில் அவரை மாஸ்டர் என்பார்கள். பாதிப் பேருக்கு அவர் சொந்தப் பெயரே தெரியாது. அம்மா அற்புதம், எஸ்டேட்டில் பழம் பறித்தவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள்.

அம்மாவைப் பற்றி நான் ஒரே வாக்கியத்தில் முடித்ததைக் கவனித்தீர்களா? நானும் இப்போதுதான் கவனித்தேன். அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

இனி படம். மேகத்துக்கு மேலே ஒரு பெரிய கச்சேரி மண்டபம். செத்துப்போன மிருகங்கள் எல்லாம் அங்கே வாசிக்கின்றன. டிரம் வாசித்த அப்பாவைத் தேடி ஒரு நரிக்குட்டி அங்கே ஏறிப் போகிறது. மண்டபத்து வாசலில் ஒரு முள்ளம்பன்றி அம்மா நிற்கிறாள். அவளுக்கு ஒரு வாத்தியமும் தெரியாது. உள்ளே வாசிக்கிறவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். நரிக்குட்டி அவளோடு நிறைய நேரம் பேசிக்கொண்டிருக்கிறது. பிறகு உள்ளே போய் அப்பாவைக் கண்டுபிடிக்கிறது. தியேட்டரில் அழாத ஆள் இல்லையாம்.

ஸ்டெஃபி எழுதி அனுப்பிய முதல் வரைவு பரவாயில்லை ரகம். சென்னையிலிருந்து பதில் வந்தது: "நல்லா இருக்கு ஸ்டெஃபி. ஆனா உங்க மனசு தெரியல. சொந்தமா ஏதாவது சேருங்களேன்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நரிக்கு அப்பா. தனக்கும் அப்பா. நரியின் அப்பா வாத்தியக்காரர். தன் அப்பாவும் அப்படித்தான். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றையும் அவள் பொருத்திவிட்டாள்.

"போன மழைக்காலத்தில் என் அப்பா வாழவந்தி மரியஜோசப் இறந்துபோனார். அவருடைய கீபோர்டின்மேல் அவர் விரல்களின் சூடு இன்னும் இருக்கிறது."

சூடு இருந்தது உண்மைதான். அடுத்த அறையில் அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் அவளுக்கு எரிச்சல் வந்தது.

"அப்பா, கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க. எழுதிட்டிருக்கறேன்ல."

"சரி கண்ணு," என்று அவர் குறைத்துக்கொண்டார்.

4

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும்.

அப்பாவைச் சாகடித்தவள் கெட்டவளா? அப்பாவின்மேல் உள்ளுக்குள் ஏதாவது கோபமா? அப்படி ஒரு கோபத்தை நான் உண்டாக்கிப் பார்த்தேன். அப்பா குடிப்பார் என்று — இல்லை, அவர் குடிப்பதில்லை. அவள் விரும்பிய பையனை அப்பா — அதுவும் இல்லை. ஏற்காட்டுக்குப் போய் நானே அவளிடம் கேட்டேன். "அந்தப் பத்தியில ஒரு செத்த ஆளு வேணும்போல இருந்துச்சுங்க சார்," என்றாள்.

நான் அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டேன். வீட்டில் நிஜமாகவே ஒருவர் இறந்திருக்கிறாரே, அவரைப் பற்றி ஏன் எழுதவில்லை?

"அம்மாவுக்குப் பாட்டு வராதுங்க," என்றாள். "படம் பாட்டப் பத்தினதுங்களே."

அவள் அழுததை எழுதப்போவதில்லை. நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கதையில் எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன், அற்புதம் என்ற பெயரைத் தவிர. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

5

விமர்சனம் வெளியானது. எங்கள் பங்குக் கோயில் பெண் எழுதியது என்று பெருமையோடு புஷ்பலதா அதைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஸ்டெஃபி இருக்கும் தெருக் குடும்பங்களுக்குக் கோயில் பொறுப்பாளர் அவர். குழுவில் எல்லோரும் ஸ்டெஃபியின் போட்டோவைப் பார்த்தார்கள், கும்பிடு பொம்மை போட்டார்கள், வாழ்த்துகள் என்றார்கள். ஒருவரும் படிக்கவில்லை. புஷ்பலதாவும்தான்.

முழுதாகப் படித்தவர் ஒரே ஒருவர். புதிதாக மாற்றலாகி வந்த உதவிப் பங்குத்தந்தை, இளைஞர், ஃபாதர் ஆண்டனி ராஜ். அவர் படித்து உருகிப்போனார். எழுதுகிற எல்லோரும் இப்படி ஒரு வாசகருக்காகத்தான் ஏங்குகிறோம். வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மலைச்சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் களை பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் அவரவர் நிற்பார்கள். பூசையின் நடுவில் இறந்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். முந்தின வருஷம் பெயர்கள் முடிவதற்குள் மழை கொட்டி எல்லோரும் நனைந்துபோனதால், இந்த வருஷம் வீட்டுக்கு ஒரு பெயர் என்று அறிவித்திருந்தார்கள். கடைசியாக யார் இறந்தார்களோ அவர் பெயர். ஸ்டெஃபி வீட்டுக்கு அற்புதத்தின் பெயரைப் புஷ்பலதா கொடுத்திருந்தார்.

ஃபாதர் ஆண்டனி ராஜ் பெயர்களைச் சரிபார்த்தார். அந்தப் பெண்ணின் அப்பா போன மழையில்தானே இறந்தார், பாவம், அந்தப் பெயரை விட்டிருக்கிறார்களே என்று நினைத்தார். புதுத் துக்கம், போய்க் கேட்டு அதைக் கிளறக் கூடாது என்றும் நினைத்தார். அற்புதத்தை எடுத்துவிட்டு மரியஜோசப்பைச் சேர்த்தார். தினமும் பாட்டு வாசிக்கும் மாஸ்டருக்கு அதுதான் பெயர் என்று வந்த சில வாரத்தில் அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று மழை விட்டுக் கொடுத்தது. சில்வர் ஓக் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். தார்ப்பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் மேசைமேல் கீபோர்டு, அதற்குப் பின்னால் மரியஜோசப். ஸ்டெஃபி அம்மாவின் கல்லறையருகே காற்றுக்கு மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். சில பெயர்கள் வாசித்ததும் பாட்டுக் குழு ஒரு வரி பாடும். மீண்டும் பெயர்கள். அவள் அம்மாவின் பெயருக்காகக் காத்திருந்தாள்.

"வாழவந்தி, மரியஜோசப்."

பாட்டுக் குழுவில் ஒருத்தி சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் எல்லோரும் கீபோர்டைப் பார்த்தார்கள். ஸ்டெஃபிக்கு என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது.

மரியஜோசப் ஃபாதரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. ஏதோ கைத்தவறு, இதற்கு அடுத்தது அற்புதத்தின் பெயர் வரும் என்கிற மாதிரி பார்த்தார். அடுத்தது கரடியூரில் யாரோ. அதற்கடுத்தது ஒண்டிக்கடையில் யாரோ. பாட்டுக் குழு பாட வேண்டிய இடத்தில் அவர் சரியாக வாசித்தார். மறுபடியும் நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலை உயர்ந்து இறங்கியதை ஸ்டெஃபி பார்த்துக்கொண்டே நின்றாள். ஃபாதர் கடைசிப் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். பாட்டு முடிந்த பிறகும் கீபோர்டின் ஒரு கட்டையிலிருந்து மாஸ்டரின் விரல் எடுபடவில்லை. பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டதும்தான் எடுத்தார்.

பூசை முடிந்து ஃபாதர் நேராக அவரிடம்தான் வந்தார்.

"மாஸ்டர், ரொம்ப நல்லா வாசிச்சீங்க. நம்ம பங்குல ஸ்டெஃபின்னு ஒரு பொண்ணு எழுதினதப் படிச்சீங்களா? அவங்க அப்பாவும் உங்கள மாதிரியே கீபோர்டு வாசிச்சவராம். போன மழையில தவறிட்டாராம். அவர் பேரையும் இன்னைக்குச் சேர்த்து வாசிச்சேன்."

ஸ்டெஃபி ஃபாதருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார்.

"அப்படீங்களா ஃபாதர்," என்றார். "நல்லா வாசிப்பாருன்னு எழுதியிருக்குதுங்களா?"

"படிச்சா கண்ணீர் வந்துரும் மாஸ்டர்."

"அப்ப நல்லாத்தானுங்க வாசிச்சிருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னார். மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. கீபோர்டுக்கு உறை போட ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் ஸ்டெஃபி தாங்கியிருப்பாள். புஷ்பலதாதான் பொறுக்க மாட்டாமல், "ஃபாதர், அந்த மரியஜோசப்பே இவருதானுங்க!" என்று போட்டு உடைத்தார். ஃபாதரின் முகம் வெளுத்துப்போனது. மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஞாயிறு பூசையில் அற்புதத்தின் பெயரைத் தனியாக வாசிப்பதாகச் சொன்னார்.

"வேண்டாமுங்க ஃபாதர். இன்னைக்கு எல்லாரோடயும் சேந்து வந்திருக்கோணும், அது போச்சு. அடுத்த வருசம் வாசிங்க," என்றார் மரியஜோசப்.

அவர் குரல் உடைந்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

6

இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஆள் சத்தம். கரடியூர் சித்தன், கையில் பெரிய சாமந்தி மாலை. எஸ்டேட் நாளிலிருந்தே மரியஜோசப்புக்குக் கூட்டாளி. ஒண்டிக்கடையில் மிளகு விற்க வந்தவர் கல்லறைத் தோட்டத்து ஸ்பீக்கரில் பெயரைக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்து வாழவந்தியில் ஒரே மரியஜோசப்தான். (இவரை நான் சிரிப்புக்காகக் கொண்டுவரவில்லை. வந்தார், அதனால் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அன்று அவர்களும் சிரித்தார்கள்.)

கதவைத் திறந்தது செத்தவர்.

"ஏனுங்க ரைட்டரே..." என்று சித்தன் அப்படியே நின்றுவிட்டார். "மைக்குல சொன்னாங்களே!"

"சொன்னாங்கப்பா. தப்பாச் சொல்லிப்போட்டாங்க. உள்ள வா."

சித்தன் மரியஜோசப்பின் தோளையும் கையையும் தொட்டுப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கறீங்களேங்க, அது போதும். இந்த மாலைய என்னங்க பண்றது?" என்றார். "சாவுக்குன்னு கேட்டு வாங்கிப்போட்டேன். ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனா எங்க ஊட்டுக்காரி வாசப்படி ஏற உடமாட்டாளுங்க. வழியில போடறதுக்கும் மனசு வல்ல."

வாங்கிய மாலைக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. ஸ்டெஃபிக்கு அது நன்றாகவே புரிந்திருக்கும், அவளும் ஒரு பத்தியை வைத்துக்கொண்டு இப்படித்தான் நின்றாள். இந்த ஒப்பீடு என்னுடையது, அவள் அப்படி நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் உள்ளே அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்தி நின்றிருந்தாள்.

மரியஜோசப் மாலையை வாங்கிக்கொண்டார். "இதுக்கு ஆளு இருக்குது," என்று சித்தனை அனுப்பிவைத்தார். "ஸ்டெஃபி, வா கண்ணு. அந்தப் போனையும் எடுத்துக்க."

7

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்திருந்தது. சில மெழுகுவத்திகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. மரியஜோசப் மாலையை மனைவியின் சிலுவையில் போட்டுச் சரிசெய்தார். பக்கத்துக் கல்லறையின் விளிம்பில், அந்த வீட்டுக்காரர்களிடம் மனதுக்குள் அனுமதி கேட்ட மாதிரி ஒரு நொடி தயங்கி, உட்கார்ந்தார்.

"படி."

"அப்பா, வேண்டாங்கப்பா."

"படி கண்ணு. ஊரெல்லாம் படிச்சிருக்குது. எனக்குத்தான் அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியல. உங்கம்மாவும் கேக்கட்டும்."

அவள் படித்தாள். கச்சேரி மண்டபம், நரிக்குட்டி, வண்ணங்கள், பின்னணி இசை எல்லாம் படித்தாள். அவர் அக்கறையோடு கேட்டார். அந்த வாக்கியம் வந்தபோது நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். சொல் சொல்லாக அதையும் படித்தாள். அப்பா எதிரே உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்க, அப்பா இறந்துபோனார் என்று படித்தாள். விரல்களின் சூடு என்று வந்ததும் அவர் தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

கடைசிப் பத்தியும் மிச்சமிருந்தது. "வாசலில் நிற்கும் முள்ளம்பன்றி அம்மாவின் காட்சிகள் தேவையில்லாத நீளம். பாட்டுத் தெரியாத பாத்திரத்துக்கு இசைப் படத்தில் இவ்வளவு இடம் எதற்கு? கத்தரித்திருக்கலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்."

"அது என்ன பண்ணுது அந்தப் படத்துல?" என்று கேட்டார் மரியஜோசப்.

"எல்லாரும் உள்ள வாசிப்பாங்கப்பா. அது வெளிய நின்னு அவங்க செருப்பப் பாத்துக்கும்."

"அதுக்கா ஸ்டாரக் கொறச்ச?"

ஸ்டெஃபி தலை குனிந்தாள்.

"என்னைச் சாவடிச்சதுக்கு எனக்கு வருத்தமில்ல சாமி," என்றார் அவர். "நாளைக்கு நெசமாவே சாவப்போறவன்தான் நானு. ஆனா செத்தது உங்கம்மா. நான் பாட்டுக் கத்துக்கப் போனப்ப, பூசைக்குப் போனப்ப, எத்தனை தடவ நம்ம ஊட்டையும் உன்னையும் ஒத்தையாப் பாத்துக்கிட்டா. அவளுக்கு ஒரு வரி இல்ல. இன்னைக்கு வர வேண்டிய பேரும் இல்லாமப் போச்சு. பாட்டு வராதவ செத்தா அது சாவு இல்லையா கண்ணு?"

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) அந்தக் குளிர்காலத்திலேயே மரியஜோசப் இறந்துபோகிறார். ஸ்டெஃபி எழுதிய வாக்கியம் உண்மையாகிறது. கீபோர்டைத் தொட்டுப் பார்க்கிறாள், சில்லென்று இருக்கிறது. இதை எழுதி முடித்தபோது எனக்கே அழுகை வந்தது. நீங்களும் அழுதிருப்பீர்கள். அழவைப்பதற்காக ஒரு நல்ல மனிதரை இரண்டாவது தடவையும் கொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதைப் பார்த்துவிட்டுக் கிழித்தேன்.

(ஆ) காப்பித் தோட்டத்தில் அற்புதத்தோடு வேலை பார்த்த ஒருத்தி வந்து, பழம் பறிக்கும்போது அற்புதம் யாருக்கும் தெரியாமல் முணுமுணுத்த ஒரு பாட்டைச் சொல்கிறாள். அப்பா அதைக் கீபோர்டில் வாசிக்கிறார். எல்லோரும் — இல்லை. பொய். அற்புதத்துக்குப் பாட்டு வராது. ஒரு பெண் செத்தபிறகு அவளை மதிக்க வேண்டும் என்றால் அவள் வாயில் ஒரு பாட்டைத் திணித்தால்தான் முடியுமா?

(இ) நடந்தது. ஸ்டெஃபி சென்னைக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள். திருத்தம் போடலாமா என்று கேட்டாள். "இவ்ளோ பேர் படிச்சது உங்க கட்டுரைதான் ஸ்டெஃபி. இப்ப அப்பா இருக்காருன்னு போட்டா படிச்சவங்க ஏமாந்துடுவாங்க," என்றார்கள். (ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.) அவள் விடாமல் சண்டை போட்டு முழு விமர்சனத்தையும் எடுக்க வைத்தாள். இனி உங்களுக்கு அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். இப்போது லீவு நாளில் அவள் சேலத்துக்கு இறங்குவதில்லை. இது முடிவுதான். ஆனால் கதை இதில் முடியவில்லை, ஏனென்றால் அன்று அப்பாவும் மகளும் கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து வந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார்.

9

நன்றாக இருட்டியிருந்தது. ஸ்டெஃபி போனில் டார்ச் போட்டு அப்பாவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். "அம்மாவப் பத்தி எழுதறேங்கப்பா," என்றாள். "பாட்டு வராதுன்னே எழுதறேன். நீங்க சொல்லுங்க."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு சொன்னார். "கோயில்ல எல்லாரும் பாடறப்ப அவ வாய மட்டும் அசைப்பா கண்ணு. சத்தம் வராது. சின்னதுல பாடறப்ப யாரோ சிரிச்சுப்போட்டாங்களாம், அன்னைக்கு நிறுத்துனவ. பக்கத்துல நிக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது, அவ்வளவு சரியா அசைப்பா. நான் கீபோர்டுல இருந்து பாப்பேன்ல, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. கலியாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். அவ மூச்சு வாங்கற எடத்துல நானும் ஒரு நொடி நிறுத்தித்தான் வாசிப்பேன். பாட்டுக் குழுல மாஸ்டர் தாளம் உடறாருன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்கன்னு இருந்துட்டேன்."

ஸ்டெஃபி நின்றுவிட்டாள். டார்ச் வெளிச்சம் தரையிலேயே நின்றது. அவள் மனதில் அது அந்த நிமிடமே ஒரு முதல் வரியாக ஆகிவிட்டது. எத்தனை அழகான வரி என்று தோன்றிய கையோடு தன்மேலேயே அருவருப்பு வந்ததாம். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே புரிந்துகொண்டார்.

"இத எழுதிப்போடாத கண்ணு. அவ நொம்ப வெக்கப்படுவா."

"சரிங்கப்பா."

ஸ்டெஃபி எழுதவில்லை. இவ்வளவு நாளாகியும் எழுதவில்லை. என்னிடம் எல்லாவற்றையும் சொன்னவள் இதைச் சொல்லும்போது மட்டும், "இது உங்களோட இருக்கட்டும் சார்," என்றாள். நான் சரிம்மா என்று தலையாட்டினேன். உண்மையாகத்தான் தலையாட்டினேன். ஆட்டி முடிப்பதற்குள் இது கதையில் எந்த இடத்தில் வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுதாமல் இருக்கப் பார்த்தேன். ஒன்பதாம் பகுதி இல்லாமல் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் அற்புதம் யாரும் இல்லை, கதையில் செத்துக் கிடக்கிற ஒரு பெயர், அவ்வளவுதான். இந்தப் பகுதி இருந்தால் அவள் ஒரு மனுஷி, ஆனால் மறைத்து வைத்ததை ஊர் பார்க்க வெளியே இழுத்துப் போடப்பட்ட மனுஷி. எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரையாவது மாற்றியிருக்கலாம். வாசிக்காமல் விடப்பட்ட பெயரை நானும் மாற்றினால் தாங்காது என்று அதையும் விட்டுவைத்தேன்.

இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது எழுதுகிற எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நான் கொடுப்பதற்கு முடிவு ஒன்றும் இல்லை, மரியஜோசப் எழுத வேண்டாம் என்றது மட்டும்தான் இருக்கிறது, அதையும் நீங்கள் ஏற்கனவே படித்துவிட்டீர்கள். பேனா இருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். மனசு வராவிட்டால் இருக்கட்டும், எனக்கும் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்றைக்காவது மலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கோயில் வாசலில் நிற்க நேர்ந்து, உள்ளே கீபோர்டு வாசிக்கும் பெரியவர் பாட்டின் நடுவில் ஒரு நொடி நிறுத்துவதைக் கேட்டீர்கள் என்றால், தாளம் விட்டுவிட்டார் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள்.